எழுதியதைத் திரும்ப எழுதுதல்

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற வகையில், இளம் செய்தியாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. மருத்துவம், விவசாயம், மின்சாரம் என்று வறண்ட விடயங்களையே இவ்வளவு காலம் எப்படி எழுத முடிந்தது என்பதே அது. அரசியல் பத்தி எழுதுபவருக்கு மாலையும் கிடைக்கும், வசவும் கிடைக்கும். தொழில்நுட்பம் எழுதுபவரை எவரும் பெயர் சொல்லி நினைவுகூர்வதில்லை. பசளை எவ்வளவு இடுவது என்று வெட்டி வைத்த பத்திரிகைத் துண்டில், எழுதியவர் பெயர் இருந்த மூலை பெரும்பாலும் வெட்டுப்பட்டே போயிருக்கும்.

விடையாக ஒரேயொரு கட்டுரையின் வரலாற்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வயிற்றோட்டம் பற்றி எழுத நேர்ந்தது. ஜீவனிப் பொதியிலுள்ள கலவை முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரிற் கரைத்துக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பயன்படுத்தப் போகிறவர்களை அறிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் எதையும் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது எனது வழக்கம். எனவே கிராமமொன்றில் பணியாற்றிய குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரிடம் பிரதியைக் கொண்டுசென்றேன். கேட்டு முடித்ததும் அவர் வினவினார்: “ஐயா, லீற்றர் எண்டு எழுதினது சரி. அதை எங்கட சனம் எதாலை அளக்கிறது?”

அளவுச் சாடி இருந்த வீடுகள் அன்று அங்கு அரிது. சுண்டு, செம்பு, தேநீர்க் கோப்பை ஒவ்வொன்றும் வீட்டுக்கு வீடு வேறுபடும். நீர் குறைந்தால் உப்பின் செறிவு கூடிக் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் உயரும்; வலிப்பும் வரலாம். நீர் கூடினால் இழந்த உப்பு ஈடாகாது. வழி கண்டவரும் அவரே. சாராயப் போத்தல் எந்த ஊரிலும் 750 மில்லிலீற்றர்தான். நன்கு கழுவிய போத்தலால் ஒருமுறை நிறையவும் மறுமுறை மூன்றிலொரு பங்கும் அளந்தால் கணக்குச் சரி. குடிப்பழக்கத்தால் நாட்டுக்கு விளைந்த நன்மையென நான் அறிந்தது இது ஒன்றுதான்.

அத்துடன் வேலை முடியவில்லை. 2002இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கலவையையே மாற்றின. லீற்றருக்கு 90 மில்லிமோலாக இருந்த சோடியம் 75 ஆகவும், 111 ஆக இருந்த குளுக்கோசு 75 ஆகவும் குறைக்கப்பட்டன. செறிவு குறைந்த கரைசலில் வாந்தியும், சேலைன் ஏற்றவேண்டிய தேவையும் குறைந்தமையே காரணம். 2004இல், வயிற்றோட்டம் கண்ட குழந்தைக்கு 10 முதல் 14 நாட்கள் வரை நாகச் சத்தும் கொடுக்கவேண்டும் என்ற பரிந்துரை சேர்ந்தது. “பழைய கட்டுரைதான் இருக்கிறதே, அதையே போடுவோம்” என்பது பக்கம் நிரப்ப அவசரப்படும் ஆசிரிய பீடங்களின் பொது இயல்பு. ஒவ்வொரு முறையும் மறுத்துப் புதிதாக எழுதினேன்.

நாகம் என்றதும் தமிழகத்து வாசகர்கள் பாம்பை நினைக்கக்கூடும். அவர்கள் துத்தநாகம் என்பதையே ஈழத்துப் பாடநூல்கள் நாகம் என்கின்றன. நமது ஒட்சிசன் அவர்களுக்கு ஆக்சிஜன். நமது இரசாயனவியல் அவர்களுக்கு வேதியியல். உலகெங்கும் தமிழர் வாசிக்கும் இக்காலத்தில் இரண்டையும் தருவதே முறை.

இத்துறையில் எனக்கு முன்னோடியாக நான் கொள்பவர் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். அவரது இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. கெமிஸ்தம் என்ற சொல் நிலைக்கவில்லை. அதனால் அவரது உழைப்பு சிறுத்துவிடவுமில்லை. 1873இல் தாயகமான அமெரிக்காவுக்குத் திரும்பிய பின்னரும், வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களில் உழைத்துக்கொண்டிருந்தார். மனுஷ சுகரணம் 1883இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்த வூஸ்டரில் தமிழில் ஒரு சொல்லைச் சரிபார்க்க அவருக்கு எத்தனை பேர் கிடைத்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

எனது கட்டுரையின் கடைசித் திருத்தத்தில் சாராயப் போத்தலை நீக்கிவிட்டேன். ஒரு லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் ஒன்றரை லீற்றர்ப் போத்தலும் அதே தட்டில் பக்கத்திலேயே நிற்கிறது. அதைப் பற்றியும் ஒரு வரி எழுதவேண்டும்; எழுதியதை வாசித்துக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.