பெட்டிக்குள் ஒரு பெட்டி

மேஜைக் கம்ப்யூட்டர் ஒன்று விழித்தெழ மறுத்தால் வீட்டில் உள்ளவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்பதை நான் பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். முதலில் பொத்தானை மறுபடியும் அழுத்துவார்கள். பிறகு இன்னும் பலமாக அழுத்துவார்கள், பொத்தானுக்கும் புஜபலத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதுபோல. மூன்றாவதாகப் பெட்டியின் விலாவில் ஒரு தட்டு. நான்காவதாக, "நேற்று ராத்திரி கடைசியாக இதன் முன்னால் உட்கார்ந்திருந்தது யார்?" என்று விசாரணைக் கமிஷன் ஒன்று உட்காரும். கமிஷனின் தீர்ப்பு எப்போதும் வீட்டிலுள்ள கடைசிப் பிள்ளைக்கு விரோதமாகவே இருக்கும்.

எங்கள் தாம்பரம் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு காரியமும் உண்டு. மின்சாரத்தைத் திட்டுவார்கள். இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. 2012-ல் சென்னை நகரத்துக்கே நாள்தோறும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தபோதுதான் இங்கே வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும் யு.பி.எஸ்.ஸும் குடிபுகுந்தன. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது; முடிச்சூர்ப் பக்கம் படகு ஓடியது. மறு வருஷம் டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து மின்கம்பங்களைத் தீக்குச்சிகளைப்போல் சாய்த்துவிட்டுப் போயிற்று. இப்படிப்பட்ட நாட்களுக்குப் பிறகு சில தெருக்களில் ஒரு விசித்திரம் நடக்கும். விளக்கு திடீரென்று கல்யாண வீட்டு வெளிச்சம் காட்டும். அடுத்த நிமிஷம் குளிர்சாதனப் பெட்டி, டெலிவிஷன் எல்லாம் ஒருசேரக் கண்ணை மூடும். தெருவில் வரும் மூன்று பேஸ் கம்பிகளுக்கும் பொதுவான நியூட்ரல் கம்பி அறுந்தால் வருகிற வினை அது. 230 வோல்ட் வரவேண்டிய வீட்டில் 400-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எதிர் வீட்டிலோ விளக்கு அழுது வடியும்.

இத்தனைக்கும் மின்சாரம் இந்த ஊருக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது மேலே போன கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். இன்று 25,000 வோல்ட் மாறுமின்சாரம். ஆனால் அந்த இருபத்தைந்தாயிரம் அப்படியே மோட்டாருக்குள் போனால் ரயில் ஓடாது, எரியும். ரயிலின் வயிற்றிலேயே அதை இறக்கிக் கொடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளும் அதேபோல் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் விசாரணைக் கமிஷன்கள் மறந்துவிடுகின்றன. ரிப்பேர்க் கடைகளில் அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர்.

அந்தப் பெட்டியை எனக்கு நன்றாக அறிமுகப்படுத்தி வைத்த சம்பவத்தைச் சொல்கிறேன்.

சேலையூரில் எங்கள் தெருக்கோடியில் ஓர் அம்மாள் தட்டச்சு வேலை செய்து குடும்பம் நடத்துகிறார். 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்த நாளாக இந்த வட்டாரத்தில் மாணவர்களை நம்பிப் பிழைக்கும் தொழில்களுக்குக் குறைவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரை அடித்துக் கொடுப்பது அவற்றில் ஒன்று. என் கையெழுத்துப் பிரதிகளையும் அந்த அம்மாள்தான் அடித்துத் தருகிறார். "சார், இந்த எழுத்து 'ள'வா 'ன'வா என்று எனக்கே முடிவு பண்ணத் தெரியும், நீங்கள் சும்மா இருங்கள்" என்று சொல்லும் அளவுக்கு உரிமை. கணவர் காலமாகி ஆறு வருஷம். பெண் இன்ஜினீயரிங் இரண்டாவது வருஷம் படிக்கிறாள்.

அவருடைய கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாகவே காலைத் தூக்கம் கலையாத கிழவரைப்போல் நடந்துகொண்டிருந்தது. காலையில் பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி அரைச் சுற்று. ஐந்தாறு தடவைக்குப் பிறகு என்னவோ மனமிரங்கி எழுந்துவிடும். ஒருமுறை எழுந்தால் ராத்திரி வரை ஒரு கோளாறும் இல்லை. நாளாக ஆக ஐந்து பத்தாகி, பத்து இருபதாயிற்று. ஒரு திங்கட்கிழமை நாற்பது தடவை அழுத்தியும் அரைச் சுற்றுக்கு மேல் அது அசையவில்லை. உள்ளே ஒரு மாணவியின் முனைவர் பட்ட ஆய்வேடு, முந்நூற்றுச் சொச்சம் பக்கம். வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் கட்ட வேண்டும்.

அம்மாள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றி ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பொத்தானை அழுத்தினார், அரைச் சுற்றைப் பார்த்தார், "மதர்போர்டு போயிடுச்சும்மா. இந்த மாடலுக்கு இப்போ போர்டு கிடைக்காது. புது மெஷின் போட்டுடுங்க" என்றார். முப்பதாயிரத்துக்குக் குறையாது. அந்த மாதம் பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பி எடுத்து வந்து என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர் அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் பெருங்களத்தூரில் இருக்கிறான். பகலில் ஒரு கம்பெனியில் வேலை. சாயங்காலங்களில் இந்த மாதிரி வைத்தியம். போன் பண்ணினேன். ஆறரை மணிக்கு வந்தான். கையில் ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு திருப்புளி, சட்டைப் பையில் காகிதம் கோக்கும் கிளிப் ஒன்று. அவ்வளவுதான் ஆயுதம்.

வந்தவன் பெட்டியைத் தொடவில்லை. "அக்கா, எந்த நேரத்துலே ரொம்பப் படுத்தும்? காலையிலேயா, மத்தியானமா?" என்று கேட்டான். நாடி பிடிக்கும் முன் பசி எப்படி என்று கேட்கிற பழைய வைத்தியர்களின் ஞாபகம் வந்தது. பதிலைக் கேட்டு "ஓகோ" என்றான். அந்த "ஓகோ"வின் அர்த்தம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கிற்று.

பிறகு சுவரிலிருந்து ஆரம்பித்தான். யு.பி.எஸ்.ஸை விலக்கிவிட்டு நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகினான். மானிட்டருக்கும் பெட்டிக்கும் ஒரே ஜாதிக் கம்பி. மானிட்டரின் விளக்கு எரிகிறதால் அதன் கம்பி நல்லது. அதைப் பிடுங்கிப் பெட்டியில் மாட்டினான். பெட்டியின் முதுகில் இருக்கும் சின்ன சுவிட்சைப் பார்த்தான். முன்பக்கப் பொத்தானே கெட்டிருக்கலாம் என்று, அதன் கம்பியைப் போர்டிலிருந்து கழற்றி, அந்த இரண்டு முள்ளையும் திருப்புளி நுனியால் ஒரு கணம் தொட்டான். அரைச் சுற்று. சுவர், கம்பி, பொத்தான் மூன்றும் நிரபராதி.

அடுத்து ஹார்ட் டிஸ்க், டி.வி.டி. எல்லாவற்றின் கம்பிகளையும் கழற்றினான். ஏதாவது ஒன்று உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எஸ்.எம்.பி.எஸ். உடனே அணைந்துவிடுமாம். எல்லாம் கழற்றியும் அதே அரைச் சுற்று. ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்தபோது மட்டும் அம்மாளைப் பார்த்து, "அக்கா, உங்க வேலையெல்லாம் இதுக்குள்ளேதான் இருக்கு. இதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. எப்படியும் எடுத்துடலாம், கவலைப்படாதீங்க" என்றான். அம்மாள் அப்போதுதான் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

இந்த இடத்தில் அந்தப் பெட்டிக்குள் நடக்கும் காரியத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து வருவது விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஆடும் 230 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். முதலில் அதைத் திருத்தி, ஏறக்குறைய 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு அதை விநாடிக்குப் பல பதினாயிரம் துண்டுகளாக நறுக்குகிறது. அவ்வளவு வேகமாக நறுக்குவதால்தான் உள்ளங்கையில் அடங்கும் டிரான்ஸ்பார்மரே போதுமானதாகிறது. பழைய வால்வு ரேடியோவின் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கடைசியில் 12, 5, 3.3 என்று மூன்று வோல்ட்டுகளாகப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நறுக்கிய மின்சாரம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதைச் சமனாக்குவது கெப்பாசிட்டர் என்ற சின்ன உருளைகள். நம் வீட்டு மேல்தொட்டியைப்போல. மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் ஒரே சீராக வருகிறதல்லவா, அப்படி.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு ஏற்பாடு. மூன்று வோல்ட்டும் சரியாக வந்துவிட்டதா என்று எஸ்.எம்.பி.எஸ். தானே பார்த்துக்கொண்டு, சாம்பல் நிறக் கம்பி வழியாக "எல்லாம் க்ஷேமம்" என்று போர்டுக்கு ஒரு தகவல் அனுப்புகிறது. பொத்தானை அழுத்தி அரை விநாடிக்குள் அந்தத் தகவல் போக வேண்டும். அது வரும்வரை கம்ப்யூட்டரின் மூளை ஓர் அடி எடுத்து வைக்காது. முகூர்த்தம் பார்த்துக் கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி வாசற்படியிலேயே நிற்கும்.

1995-ல் இன்டெல் கம்பெனி வகுத்த ஏ.டி.எக்ஸ். என்ற முறைப்படி இந்தக் கம்பிகளுக்கு நிறம் ஏற்பட்டுவிட்டது. மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3. கறுப்பு பூமி. ஊதாவில், கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், சுவரில் மின்சாரம் இருக்கும்வரை 5 வோல்ட் விழித்திருக்கும். பச்சைதான் எழுப்புகிற கம்பி.

பையன் போர்டிலிருந்து பெரிய 24 முள் கொத்தைக் கழற்றினான். ஊதாவில் மீட்டர் முள்ளை வைத்தான்: 5.0. "உசிரு இருக்கு சார்." சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளிப்பை நிமிர்த்தி, பச்சையையும் கறுப்பையும் சேர்த்தான். சும்மா ஓடவிட்டால் உண்மை தெரியாது என்று டி.வி.டி. டிரைவையும் ஒரு விசிறியையும் சுமையாக மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது!

"அப்படியானால் சப்ளை நன்றாகத்தானே இருக்கிறது? கடைக்காரர் சொன்னது சரியாகப் போயிற்றே!" என்றேன். அம்மாளின் முகம் வாடியதைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றிற்று.

"விசிறி சுத்தறதுக்கு என்ன சார், ஒன்பது வோல்ட் இருந்தாலும் சுத்தும். அளந்து பார்க்கணும்" என்றான்.

நூற்றுக்கு ஐந்துதான் ஏற இறங்க அனுமதி. 12 என்பது 11.4-க்குக் கீழே போகக்கூடாது. 5 என்பது 4.75-க்குக் கீழே கூடாது. மஞ்சளில் வைத்தான்: 10.7. சிவப்பில் 4.5. சாம்பல் கம்பியில் 5-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது, ஒன்றுமே இல்லை. க்ஷேமம் என்ற தகவல் கிளம்பவே இல்லை. ஒரு டி.வி.டி. டிரைவைச் சுமக்கவே இந்தத் திண்டாட்டம் என்றால், முழு போர்டையும் தலையில் வைத்தால் அரைச் சுற்றில் படுத்துவிடுவதில் ஆச்சரியம் என்ன?

"கடைக்காரர் சொன்னதும் நடக்கக்கூடியதுதான் சார். போர்டு ஷார்ட் ஆனாலும் இதே அரைச் சுத்துதான். அளக்காம சொல்லிட்டார், அவ்வளவுதான்" என்றான். இந்த நிதானம் எனக்கு வாய்க்காது. நானாக இருந்தால் கடைக்காரரைப் பற்றி ஓர் அத்தியாயம் பேசியிருப்பேன்.

ஆனாலும் நல்ல சப்ளை ஒன்றை மாட்டிப் பார்க்காமல் போர்டுக்கு விடுதலை கொடுக்க முடியாது. கடைகள் மூடும் நேரம். பையன் என் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. என் கம்ப்யூட்டரில் தொடர்கதையின் பதினேழாவது அத்தியாயம் பாதியில் இருந்தது. கதாநாயகி பல்லாவரம் ஸ்டேஷனில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். நிற்கட்டும், இன்னும் இரண்டு நாள் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்காது என்று, என் பெட்டியின் சப்ளையைக் கழற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மாட்டுவதற்குக் கால் மணி ஆயிற்று. பெரிய கொத்து, மூளைக்கென்று தனியாகப் போகும் நாலு முள் கொத்து, டிஸ்க்குக்கு ஒன்று. அந்த நாலு முள்ளை மறந்துவிட்டு, போர்டு செத்தது என்று அழுகிறவர்களும் உண்டாம். "அழுத்துங்க அக்கா" என்றான். அம்மாள் அழுத்தினார். விசிறி அரைச் சுற்றைத் தாண்டியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, "பீப்" என்று ஒரு சத்தம், திரையில் வெளிச்சம். ஆய்வேட்டின் முதல் பக்கம் வந்தபோது மணி எட்டே கால். அம்மாள் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார். அன்று ராத்திரி அந்த ஜன்னலில் ஒரு மணி வரை விளக்கு எரிந்தது.

புதன்கிழமை பையன் ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதிய சப்ளை வாங்கி வந்தான். அங்கே எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு ஒரு சூட்சுமமும் சொன்னான். மேலே ஒட்டிய சீட்டில் 450 வாட், 500 வாட் என்று தாராளமாக எழுதியிருக்கும், நம்பக்கூடாது, 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கத்தரிக்காய்க்கு எந்த சாஸ்திரமோ அதுவே கொஞ்சம் மாறி இதற்கும்: கனம் இல்லாதது உள்ளே வெறுமை. செலவு இரண்டாயிரத்துக்குச் சற்று மேல். தன் கூலி என்று முந்நூறு வாங்கிக்கொண்டான். அதுவும் அம்மாள் சட்டைப் பையில் திணித்ததால்.

பழைய சப்ளையை அன்று ராத்திரி அவன் திறக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் உயிரை வாங்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். தெரியாதவர்கள் அந்த மூடியில் கைவைக்கவே கூடாது என்றான். இரண்டு நாள் சும்மா போட்டுவைத்து, தேக்கம் வடிந்துவிட்டதா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் திறந்தான். உள்ளே ஜி.எஸ்.டி. ரோட்டின் பத்து வருஷத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. அதற்கு அடியில் நாலு கெப்பாசிட்டர்களின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பாக ஏதோ கசிந்து உலர்ந்திருந்தது. அவற்றுக்குள் இருக்கும் திரவம் உஷ்ணத்தில் வற்றிவிடுகிறது. பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. நம் சித்திரை வெயிலில், விசிறியின் மூச்சைத் தூசி அடைத்துக்கொண்டால் கேட்க வேண்டுமா! வற்றத் தொடங்கிய கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது மிகவும் மக்கர் செய்யும். சற்றுச் சூடேறினால் ஒருவாறு வேலை செய்யும். காலையில் படுத்தி, அப்புறம் நாள் முழுவதும் ஓடியதன் ரகசியம் இதுதான். முதல் நாள் அவன் சொன்ன "ஓகோ"வின் பொருளும் இதுதான்.

ஆய்வேடு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கட்டப்பட்டது. என் சப்ளை என் பெட்டிக்குத் திரும்பி வந்தது. பல்லாவரத்தில் நின்றவளை ரயிலேற்றிவிட்டேன். பையன் பழைய பெட்டியைக் குப்பையில் போடவில்லை. அதிலிருந்த விசிறியைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பையில் போட்டுக்கொண்டான். கம்பிகளையும் அடியோடு வெட்டிச் சுருட்டினான்.

"இது எதுக்குத் தம்பி?" என்றார் அம்மாள்.

"நல்ல செம்பு அக்கா. இப்பல்லாம் இந்தக் கனத்துலே வர்றதில்லே."