குஞ்ஞுண்ணியின் போர்

கார்ட்டூனில் ஒரு குறியீட்டுக்கு ஆயுள் ஒரு நொடிதான். பார்த்ததும் புரிய வேண்டும், புரிந்ததும் அதன் வேலை முடிந்தது. மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயன் அந்தத் தொழிலில் ஊறியவர். 1958இல் டெல்லிக்குப் போய் ‘சங்கர்ஸ் வீக்லி’யில் சேர்ந்து, பிறகு ‘பேட்ரியாட்’, ‘ஸ்டேட்ஸ்மன்’, ‘இந்து’ என்று வரைந்துகொண்டே இருந்தவர். அந்தக் கை ‘குருசாகரம்’ (1987) நாவலில் போரை எப்படிக் காட்டியது என்பது என்னை விடாத கேள்வி.

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்களுக்கு விஜயன் என்றால் முதலில் ‘கசாக்கின் இதிகாசம்’ நாவல்தான். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த யூமா வாசுகியும் ஓவியர். அந்த மொழிபெயர்ப்புக்கு 2017ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அந்த நாவலுக்குக் களமான தஸ்ராக் கிராமத்தின் பனைகளைக் குறியீடு என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பனையோலையில் மோதும் சத்தத்திலேயே வளர்ந்த எங்களுக்கு அவை பனைகள்தான்.

‘குருசாகரம்’ அப்படி எளிதில் பிடிபடாது. கல்கத்தாவில் பத்திரிகையாளனாக இருக்கும் குஞ்ஞுண்ணி, 1971 வங்கதேசப் போரைப் பற்றி எழுதப் போகிறான். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்த காலம் அது. ஆனால் நாவலின் பாரம் போர்முனையில் இல்லை. அவன் மகள் கல்யாணியின் உடம்பில் இருக்கிறது. அவளுக்கு ரத்தப் புற்றுநோய். அவள் தனக்குப் பிறந்தவளே அல்ல என்பதும் மனைவி சிவானி சொல்லி அவனுக்குத் தெரியவருகிறது.

யார் நம்மவர், யார் அந்நியர் என்று ரத்தத்தைக் கேட்டுத்தான் போர்கள் நடக்கின்றன. விஜயன் அந்த ரத்தத்தையே நோயாக்கி, பிறகு உறவுக்கு அது தேவையே இல்லை என்றும் ஆக்கிவிடுகிறார். குஞ்ஞுண்ணிக்குக் கல்யாணி கடைசிவரை மகள்தான். எத்தனை டாங்கிகளை வரைந்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

போத்தன்கோடு கருணாகர குருவுக்கு நூலைச் சமர்ப்பித்ததால், விஜயன் அரசியலை விட்டு ஆன்மிகத்துக்குள் ஒதுங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. ஹங்கேரியின் முன்னாள் பிரதமர் இம்ரே நாகி தூக்கிலிடப்பட்டது தன் எழுத்தின் போக்கையே மாற்றியது என்று சொன்னவர் அவர். ஒரு குழந்தையின் கட்டிலருகே உட்கார்ந்து போரைப் பார்த்ததும் அரசியல்தான். ‘குருசாகரத்தை’ ஞானத் தேடல் நாவல்களோடு மட்டும் அடுக்கிவைக்கும் வழக்கத்தை இனியாவது விட வேண்டும். 1971ஐப் பற்றி எழுதப்பட்ட போர் நாவல்களின் வரிசையில் அதற்கு இடம் உண்டு.