வேலிக்கு அந்தப் பக்கத்து மருந்து

மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் ஒரு மணம் வரும். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பனி கரைந்து, புல் பச்சை பிடித்து, மஞ்சள் டாண்டிலையன் பூக்கள் தலைகாட்டிய கிழமையிலேயே குழாய் சுற்றிய லொறிகள் வந்துவிடும். கையுறை போட்ட ஒருவர் குழாயை இழுத்தபடி வீட்டு முற்றங்களில் மருந்து அடித்துக்கொண்டு போவார். பழப்பாணியில் மண்ணெண்ணெய் கலந்ததுபோன்ற அந்த மணம், பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் தெருவில் நிற்கும். அடித்து முடிந்ததும் புல்லில் ஒரு சின்ன அறிவித்தல் அட்டையைக் குத்திவைப்பார். அந்த முற்றத்துக்குள் பந்து விழுந்தால் எடுக்கப் போகக்கூடாது. எங்களுக்கு அதில் விளங்கியது அவ்வளவுதான்.

அம்மம்மா வந்து சேர்ந்த முதல் வசந்தத்தில், நடந்துபோகும்போது ஓர் அட்டையின் முன்னால் நின்றுவிட்டா.

"இதில என்ன எழுதிக் கிடக்கு? வாசி பாப்பம்."

"மருந்து அடிச்சிருக்காம். புல்லில கால் வைக்க வேண்டாமாம்."

"புல்லில என்ன பூச்சி?"

"பூச்சிக்கு இல்லை அம்மம்மா. அந்த மஞ்சள் பூச் செடிக்கு."

அவவுக்கு அது நம்ப முடியாத கதையாக இருந்தது. மாடு தின்னாத புல்லு, மனிசர் தின்னாத புல்லு, அதுக்கு மருந்தோ என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தா. அன்றிலிருந்து எங்கள் சப்பாத்தெல்லாம் வாசலுக்கு வெளியே.

அவ யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்த குடும்பம். மருந்தைப் பற்றி அவவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மப்பா தோட்டத்துக்குப் பொலிடோல் அடித்துவிட்டு வந்தால், கிணற்றடியில் முழுகி உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் விடுவாவாம். ஆனால் குடிக்கத் தண்ணீர் அள்ளுவதும் அதே கிணற்றில்தான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கும் மழைதான் கிணற்றுநீர். மண்ணில் போட்ட உரமும் மருந்தும் அந்த மழையோடு சேர்ந்தே இறங்கும். வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். அம்மம்மா அந்த ஆய்வுகளை வாசித்தவ இல்லை. ஆனால் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கிற பழக்கம் அவவுக்கு அந்தக் கிணற்றடியில் வந்தது.

பின்வளவில் அவ தக்காளியும் கத்தரியும் பச்சைமிளகாயும் நட்டா. குளிர்காலம் முடியமுன்னரே யன்னலோரம் தயிர்க் கோப்பைகளில் நாற்றுப் போட்டு, மே கடைசியில் வெளியே இறக்கிய கன்றுகள். ஒருநாள் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்கு லொறி வந்தது. சில நாட்களில் வேலியோரத் தக்காளிக் கன்றுகள் மாறத் தொடங்கின. குருத்து இலைகள் விரியாமல் நூலாக ஒடுங்கின. தண்டு முறுக்கிக்கொண்டு கீழ்நோக்கி வளைந்தது. நரம்புகள் தடித்து, இலையைத் தொட்டால் தோல்போல வறண்டிருந்தது. அம்மம்மா ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தா. "இது நோயில்லை. மருந்து பட்டது" என்றா. அந்தப் பக்கத்து முற்றத்து டாண்டிலையன்களும் அதேபோல முறுகிச் செத்துக்கொண்டிருந்தன.

புல்வெளிகளுக்கு அந்தக் காலத்தில் கூடுதலாக அடித்தது 2,4-டி சேர்ந்த கலவைகள் என்றும், அது செடியின் வளர்ச்சி ஓமோன்போல நடித்து அகன்ற இலைச் செடிகளைத் தாறுமாறாக வளரவைத்தே கொல்லும் என்றும் நான் பிற்பாடு படித்தேன். புல் தப்பிவிடும். தக்காளிக்கோ அதன் சாரல் பட்டாலே போதும். அம்மம்மா கன்றுகளைப் பிடுங்கி, காய்கறிக் கழிவோடு சேர்க்காமல், வேறாகப் பையில் கட்டி எறிந்தா.

"முத்தத்தில அடிச்ச மருந்து மழைக்கு எங்க போகும்?" என்று அவ கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. அப்பா சொன்னார்: தெருவோரக் கானுக்குள் போய், அங்கிருந்து ஹைலண்ட் ஓடைக்கு, ஓடையால் ஒன்ராறியோ ஏரிக்கு. குழாயில் நாங்கள் குடிப்பது அந்த ஏரித் தண்ணீர். அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக் குழாயைப் பார்த்தா.

அந்த இலையுதிர்காலத்தில் வகுப்பில் ஆசிரியை ஒரு கதை சொன்னா. மொன்றியலுக்கு மேற்கே ஹட்சன் என்று ஒரு சிறிய ஊர். ஜூன் இர்வின் என்ற தோல் வைத்தியர், 1980களின் நடுவிலிருந்து ஊர்ச்சபைக் கூட்டங்களுக்குப் போய், பூச்சிமருந்துகளும் களைமருந்துகளும் உடம்புக்குச் செய்வதைப் பற்றிக் கடிதம் கடிதமாக வாசித்தார். வருடக்கணக்காக வாசித்தார். 1991இல் சபை, அழகுக்காக மருந்து அடிப்பதைத் தடுத்து விதி எழுதியது. மருந்தடிக்கும் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2001 ஜூன் 28 அன்று கனடாவின் உச்ச நீதிமன்றம், மக்களுக்கு மிகக் கிட்ட இருக்கிற சபைக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது.

இரவு அம்மம்மாவுக்குச் சொன்னேன்.

"திரும்பத் திரும்பப் போக, சபையில இருந்த ஆக்கள் அவவைக் கலைக்கேல்லையோ?"

"இல்லை."

"எங்கட ஊரில மருந்துப் போத்தில் சங்கக்கடைக்கு வரும், உரம் மூட்டையில வரும். கிணத்தில தண்ணி அள்ளுற பொம்பிளையளிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லை."

கோபம் இல்லாமல்தான் சொன்னா. எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

2003 வசந்தத்தில் ரொறொன்ரோவை சார்ஸ் பிடித்தது. தொலைக்காட்சியில் நாள்தோறும் நகரச் சுகாதார அதிகாரி ஷீலா பஸ்ரூர் வந்து பேசுவார். உயரம் குறைந்த, இந்தியப் பெற்றோரின் பிள்ளை. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காது. ஆனால் அவர் பேசும்போது தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டச் சொல்லுவா. நகரத்தில் களைமருந்தைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று நின்றவரும் அவர்தான். அந்த மே மாதமே நகரசபை விதியை நிறைவேற்றியது. 2004 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. மருந்துத் தொழிலின் சங்கம் நீதிமன்றம் போய்த் தோற்றது.

அடுத்த வசந்தத்தில் முற்றங்கள் எல்லாம் மஞ்சளாகப் பூத்தன. அயலில் சிலர் முகம் சுளித்தார்கள். வீட்டின் விலை விழும் என்றார்கள். அப்பாவும் கொஞ்சம் கவலைப்பட்டார். அம்மம்மா கறிக்கத்தியோடு முற்றத்தில் குந்தினா. ஊரில் புல்லுச் செருக்குகிற உழவாரம் இருந்தால் சுகம் என்பா. மழை பெய்து மண் இளகியிருக்கும் காலை பார்த்து, கத்தியைச் சரித்து இறக்கி, ஆணிவேர் முறியாமல் நெம்பி எடுப்பா. வேர் பாதியில் முறிந்தால் மறுபடி முளைக்கும் என்று எனக்கும் பழக்கினா. எங்கள் முற்றம் படமாக இருக்கவில்லை. ஆனால் தம்பி அதில் வெறுங்காலோடு ஓடினான். அதைவிட ஒரு முற்றத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

2009 ஏப்ரல் 22இல் ஒன்ராறியோ முழுவதற்கும் தடை வந்தது. நகர ஓடைகளில் 2,4-டி குறைந்துவிட்டதை மாகாணத்தின் நீர்ப் பரிசோதனைகள் பின்னர் காட்டின. தடை வந்த செய்தியை நான் தமிழில் வாசித்துக்காட்டினேன். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டா:

"தோட்டங்களுக்கு அடிக்கிறது?"

"அதுக்குத் தடை இல்லை. கோல்ப் திடலுக்கும் இல்லை."

"அப்ப அரைவாசி வேலை கிடக்கு" என்றா. பிறகு உரும்பிராயில் எங்கள் கிணற்றைச் சுற்றி யார் யாருடைய தோட்டம், எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் மருந்து அடிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினா. நான் கொப்பியை எடுத்து எழுதினேன்.