நிம்மதியின் விலை 2,160 ரூபாய்

பி.காம். படிக்கிறவர்களிடம் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடனை எப்படிப்பா சீக்கிரம் அடைக்கிறது?" புத்தகத்தில் இதற்குப் பதில் ஒரே வரிதான். எதற்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடை. கணக்குப்படி இதில் தப்பே கிடையாது. ஆனால் கடனை அடைப்பது கால்குலேட்டர் இல்லை, ஒரு வீடு. அந்த வீட்டில் இருப்பவர்கள் ரெண்டு மூணு வருடம் சோர்ந்து போகாமல், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழாமல், ராத்திரி தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டும். அதற்கு அந்த ஒரு வரி போதுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கு. அது இல்லாமல் இதைச் சொன்னால் வெறும் உபதேசமாகிவிடும். 2024-இல் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே போய்விட்டது. கடனுக்குக் காரணம் அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான். அப்பா தறிக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த காலத்தில் வாடகை, சாப்பாடு, என் ஃபீஸ் எதுவும் நிற்கவில்லை, வருமானம் மட்டும் நின்றது. 2025 ஜனவரியில் உட்கார்ந்து எழுதியபோது நான்கு கடன்கள் இருந்தன.

தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்கு 60,000. பேங்கில் அம்மாவின் நகை மேல் 80,000. மகளிர் குழுவில் பாக்கி 24,000. சித்தப்பாவிடம் கைமாற்று 18,000. மொத்தம் 1,82,000 ரூபாய்.

(காமர்ஸ் படிக்காதவர்களுக்கு: ரெண்டு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். கேட்க "ரெண்டுதானே" என்று இருக்கும், அங்கேதான் சூட்சுமம்.)

வட்டி, குழுத் தவணை எல்லாம் கட்டியது போக, நான் சாயங்காலத்தில் ஆடிட்டர் ஆபீஸில் டேலி போட்டுச் சம்பாதிப்பதையும் சேர்த்து, மாதம் 3,000 ரூபாய் மிஞ்சும் என்று தெரிந்தது. அதை யாருக்கு முதலில் கொடுப்பது? புத்தகத்தைக் கேட்டால் ரெண்டு வட்டிக்காரருக்கு என்கும். அம்மா "முதல்ல சித்தப்பாவுக்குக் குடுத்துடலாம் கண்ணு" என்றார். சித்தப்பா வட்டியே வாங்குவதில்லை. ஒரு நாளும் கேட்டதும் இல்லை. அதனாலேயே அம்மா அந்த வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார். அங்கே ஒரு காதுகுத்துக்குக்கூட "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டார். கேட்கிற கடன்காரரைக்கூடச் சமாளித்துவிடலாம், கேட்காத கடன்காரர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

இரண்டு வரிசைக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பாவுக்கு ஆறு மாதம் 3,000 கொடுத்தால் 18,000 முடிந்துவிடும். ஆனால் ரெண்டு வட்டிக் கடனுக்குப் போக வேண்டிய ஒவ்வொரு 3,000-மும் ஆறு மாதம் தள்ளிப் போகும். 3,000-க்கு மாதம் 60 ரூபாய் வட்டி. ஆறு மாதத்துக்கு 360. இப்படி ஆறு தவணை. ஆக 2,160 ரூபாய். அம்மா தலைநிமிர்ந்து சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் வருவதற்கான விலை இவ்வளவுதான். கொடுக்கலாமா வேண்டாமா என்று மூன்று பேரும் பேசினோம். கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம்.

இது வெறும் வீட்டு செண்டிமெண்ட் இல்லை என்று அப்புறம் படித்தபோது தெரிந்தது. சிங்கப்பூரில் ஒரு தொண்டு நிறுவனம், நீண்ட நாள் கடனில் மாட்டிய குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 சிங்கப்பூர் டாலர் வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அவர்களில் 196 பேரைக் கடன் அடைவதற்கு முன்னும் பின்னும் ஆராய்ச்சியாளர்கள் சோதித்தார்கள். 2019-இல் பி.என்.ஏ.எஸ். என்ற ஆய்விதழில் முடிவு வந்தது. கடன் குறைந்ததும் பதற்றம் குறைந்தது, யோசிக்கும் திறன் கூடியது. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது இன்னொன்று: எவ்வளவு தொகை அடைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடின என்பதுதான் மனசுக்கு அதிக வித்தியாசம் செய்திருந்தது.

ஏன் அப்படி? 2017-இல் பொருளாதார நோபல் வாங்கிய ரிச்சர்ட் தேலர், மனிதர்கள் பணத்தை மனசுக்குள் தனித்தனிக் கணக்குகளாகப் பிரித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னவர். நம் பாஷையில் மனக்கணக்கு. (வாத்தியார் போடச் சொல்லும் மனக்கணக்கு வேறு, இது வேறு :-) ) ஒவ்வொரு கடனுக்கும் ஒரு தேதி, ஒரு முகம், ஒரு சாக்கு, ஒரு போன் நம்பர் இருக்கிறது. நான்கு கடன் என்றால் மண்டைக்குள் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் எழுந்து போனால் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

இன்னொரு ஆராய்ச்சி நம் ஊரிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரியான புத்திக்கூர்மைச் சோதனைகளை வைத்தார்கள். 2013-இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாமல் நகை அடகும் கடனுமாக இருக்கும் சமயத்தில் மதிப்பெண் குறைவு. அறுவடைப் பணம் வந்த பிறகு அதே ஆளுக்கு அதிகம். ஆள் மாறவில்லை, அவர் மண்டையில் இருந்த பாரம்தான் மாறியது. கடனில் இருக்கும்போது மறதி வருகிறது, படித்தது ஏறவில்லை, சின்னக் கணக்கில் தடுமாறுகிறோம் என்றால் "நான் முட்டாள்" என்று முடிவு கட்ட வேண்டாம். என் வகுப்பில் இதைப் படிக்கும் ரெண்டு பேருக்காகவாவது இந்தப் பத்தியை எழுதுகிறேன். யார் என்று அவர்களுக்கே தெரியும்.

சரி, அதற்காக எல்லாக் கடனிலும் மனசு சொல்வதைத்தான் கேட்க வேண்டுமா? இல்லவே இல்லை. அதே கணக்கில் வட்டியை மட்டும் மாற்றிப் பாருங்கள். கிரெடிட் கார்டில் மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 2,160 என்பது 3,780 ஆகும். பத்து வட்டி என்றால் 10,800. அங்கே நிம்மதியை அந்த விலைக்கு வாங்கவே கூடாது. முதலில் அந்தத் தீயை அணைக்க வேண்டும். ஆகவே நான் சொல்ல வருவது இதுதான்: மனசுக்குப் பிடித்த வரிசைக்கு என்ன விலை என்று முதலில் கணக்குப் போடுங்கள். தாங்குகிற விலை என்றால் தெரிந்தே கொடுங்கள். தாங்காது என்றால் வட்டி அதிகமானதையே பிடியுங்கள். விலை தெரியாமல் எடுக்கும் முடிவுதான் ஆபத்து.

வரிசை முடிவானதும் அதில் நின்று பிடிப்பது அடுத்த வேலை. எங்கள் வீட்டில் உதவியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினோம். வெளிப்பக்கம் ஒட்டினால் வருகிறவர்கள் எல்லோரும் ஆடிட் பண்ணுவார்கள். எழுதாத வரை கடன் ஒரு பூதம். எழுதிவிட்டால் அது நான்கு வரி.

இரண்டு, கடனைப் பற்றிப் பேச ஒரு நாள் வைத்தோம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை டிபனுக்குப் பிறகு அரை மணி நேரம். மற்ற நாளில், முக்கியமாகச் சாப்பிடும்போது, அந்தப் பேச்சு கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்தது அப்பா. "என்னாலதானே" என்று அவர் ஆரம்பிப்பதும் அம்மா கண்ணைத் துடைப்பதும் அதோடு பாதி குறைந்தது.

மூன்று, மாதம் ஒரு ஞாயிறு கோழிக்குழம்பை வெட்டவில்லை. எல்லாவற்றையும் வெட்டினால் இரண்டாவது மாதமே வெறுத்துப்போய் எங்காவது மொத்தமாகச் செலவழித்துவிடுவோம். பட்ஜெட்டில் சந்தோஷத்துக்கும் ஒரு வரி வேண்டும்.

நான்கு, கடன் கட்டி முடிந்தால் அந்த வரியை அடிக்கும் உரிமை அம்மாவுக்கு மட்டும். சின்ன விஷயம்தான். ஆனால் 2025 ஜூனில் சித்தப்பா வரியை அடித்த அன்றே அம்மா அவர் வீட்டுக்குக் கிளம்பினார். போன வேகத்தில் அங்கே சாம்பாரில் உப்பு அதிகம் என்று சண்டையும் போட்டுவிட்டு வந்தார். பழைய அம்மா!

அடுத்து அவமானம். அவமானம் இருக்கிற வரை கடனை மறைப்போம். மறைக்கிற கடனுக்குத்தான் யாரும் உதவ முடியாது. தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் உண்டு. காலைக்கடன் என்கிறோம், நேர்த்திக்கடன் என்கிறோம். நேர்த்திக்கடன் பாக்கி வைத்தவரை யாரும் திருடன் மாதிரிப் பார்ப்பதில்லை. செய்து முடிக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். வாங்கிய கடனும் அப்படித்தான்.

கடன் கொடுத்தவருக்குப் பணத்தைக் கேட்க உரிமை உண்டு. மிரட்ட உரிமை இல்லை. இது தெரிந்திருந்தாலே பாதி பயம் போகும். பாக்கியை வசூலிக்கக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அறிவுறுத்தியது. மறு மாதமே, கடன் ஆப்கள் நம் போனில் உள்ள காண்டாக்ட் லிஸ்டை எடுக்கக் கூடாது என்றும் விதி வந்தது. தமிழ்நாட்டில் கந்து வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் உண்டு. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் இன்னொரு சட்டமும் நிறைவேற்றியது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு ராத்திரி பத்து மணிக்கு வசூல் போன் வந்துகொண்டிருந்தது. அந்த நேர விதியைச் சொல்லி, தேதி, நேரம் எல்லாம் எழுதிவைத்துப் புகார் கொடுப்பேன் என்றதும் அந்த போன் நின்றது. அவர் தவணை இன்னும் கட்டுகிறார், ஆனால் இப்போது தூங்குகிறார்.

தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்ற நினைப்பு வருகிறது என்றால், அதைக் கடன் கணக்கோடு சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதற்குத் தனியாக ஆள் வேண்டும். 14416 என்பது டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். கடனுக்கு எப்போதும் இன்னொரு தவணை உண்டு. ஆளுக்கு மாற்று ஆள் கிடையாது.

கடைசியாக எங்கள் வீட்டு பேலன்ஸ் ஷீட். 2025 டிசம்பரில் குழுக் கடனும் முடிந்தது. ரெண்டு வட்டிக் கடன் 42,000-க்கு இறங்கியது. நகைக்கு வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்தோம், 80,000 அப்படியே நிற்கிறது. பணமாகப் பார்த்தால் 1,82,000-இல் 60,000 குறைந்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நான்கு வரியில் இரண்டு வரி அடித்தாயிற்று, வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்ப வந்துவிட்டது. குழுவுக்குப் போன மாதம் 2,000-மும் இப்போது ரெண்டு வட்டிக்கே போகிறது. இனி புத்தகம் சொன்னபடியேதான் அடைக்கப் போகிறோம், ஏனென்றால் இனி இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன.

உங்கள் வீட்டில் ஒரு தாளை எடுத்து எழுதும்போது, மொத்தத் தொகையைக் கூட்டுவதற்கு முன்னால் எத்தனை பேருக்குப் பாக்கி என்று எண்ணிப் பாருங்கள். அதில் யார் பெயரைப் பார்த்தால் வீட்டில் ஒருவர் முகம் வாடுகிறதோ, அந்த வரிக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். வேறு நல்ல வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள். எங்களுக்கு இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கிறது.