பனியும் அவரைப் பந்தலும்

கார்த்திகை பிறந்தாச்சுங்க. சத்தியமங்கலத்துல விடிகாலைப் பனி ஆரம்பிச்சாச்சு. வீட்டு மல்லிகையில மொட்டே காணோம். குளிர் வந்தா மல்லி அப்படித்தான், பூ மார்க்கெட்டுல விலை மட்டும் ஏறும். ஆனா ஆடிப்பட்டத்துல அம்மா ஊனின அவரை இப்பத்தான் பந்தல் முழுக்கப் பூத்துக் காய்ச்சிருக்கு. பகல் சுருங்கினாத்தான் நாட்டு அவரைக்குப் பூக்கவே தோணும்.

நேத்து லண்டன்ல இருந்து அக்கா போன்.

"இங்க சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடுதுடா. தோட்டத்துல சருகு கூட்டறதுதான் வேலை. அம்மா அவரை காய்ச்சுதா?"

புரட்டாசியில அம்மா போனதுக்கப்புறம் அக்கா அழாமப் பேசினது இதுதான் முதல் தடவை.

"காய்ச்சிருக்குக்கா."

"விதைக்கு நாலு காய் முத்த விடு கண்ணு. ஆடிக்கு வர்றேன், நாமளே ஊனலாம்."

கொடியில சிவப்புத் துணி கட்டி வெச்சிருக்கேனுங்க, யாரும் பறிச்சிடக் கூடாதுன்னு.