உள்ளங்காலைப் பார்க்கும் நேரம்

தரமணியில் எங்கள் சபை ஒரு மாடியில் கூடுகிறது. கீழே டீக்கடை, பக்கத்தில் செல்போன் கடை. ஆராதனைக்கு வருபவர்களில் பாதிப் பேர் டைடல் பார்க்கிலும் அதை ஒட்டிய கம்பெனிகளிலும் கணினி முன் உட்காருபவர்கள். மீதிப் பேர் அதே கட்டடங்களுக்குக் காவல் இருப்பவர்கள், கூட்டிப் பெருக்குபவர்கள், வாசலில் ஆட்டோ போட்டுக் காத்திருப்பவர்கள். வாலிபர் ஐக்கியத்தில் 'மிஷன் டிரிப்' என்றாலே எல்லார் மனசிலும் ஒரு படம் வந்துவிடும்: வேன், ஒரே நிறத்தில் டி-ஷர்ட், பாட்டு, பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை, கடைசி நாள் குரூப் போட்டோ. இந்த முறை வேலூர்ப் பக்கம், தொழுநோயிலிருந்து குணமானவர்கள் வாழும் ஒரு குடியிருப்பு என்று முடிவானதும், டி-ஷர்ட் வேண்டாம் என்று பாஸ்டர் சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. அங்கே போனபிறகு கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, பார்க் டவுனில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, காட்பாடி வண்டியைப் பிடித்தோம். சுமார் 130 கிலோமீட்டர். எங்களோடு ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் அக்கா ஒருவர் வந்தார். அரக்கோணம் தாண்டிப் பாறைக் குன்றுகள் தென்படத் தொடங்கியபோது அவர் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் இருந்த டாக்டர் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, மடங்கிப்போன விரல்களுடைய ஒரு நோயாளியின் கையைப் பற்றினார். உயிரில்லாத கை என்று நினைத்தது இரும்புப் பிடியாக இறுக்கியது. சில தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன, மற்றவை நல்ல வலுவோடு இருக்கின்றன என்று அங்கேயே அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு வேலூரில், நன்றாக இருக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

ஆனால் அக்கா நீட்டிச் சொன்னது வேறொன்றை. அந்தக் காலத்தில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றே பலரும் நம்பினார்கள். உண்மையில் கிருமி முக்கியமாகக் கெடுப்பது நரம்பை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைத் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார்கள். சிலருக்கு இரவில் விரல் குறைந்துபோவது ஏன் என்று விளங்காமல் விழித்திருந்து பார்த்தபோது, தூங்குபவரின் விரலை எலி கடித்துக்கொண்டிருந்தது. வலித்திருந்தால் கையை இழுத்திருப்பார். அதற்குப் பிறகு நோயாளிகள் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பூனையும் கொடுத்தனுப்பினார்களாம்.

பிராண்டே ஒருமுறை நீண்ட பயணம் முடிந்து லண்டனில் காலுறையைக் கழற்றும்போது, குதிகாலில் உணர்ச்சியில்லை என்று கண்டார். தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஊசியால் குத்திப் பார்த்தார். சுரீர் என்று வலித்தது. வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னார். என் ஜெபக் குறிப்பேட்டில் இருந்ததெல்லாம் இதற்கு எதிர்த் திசை: தலைவலி போகட்டும், அப்பாவின் மூட்டுவலி போகட்டும், மேனேஜர் தரும் மன உளைச்சல் போகட்டும்.

காட்பாடியில் இறங்கி முதலில் கரிகிரிக்குப் போனோம். ஷீஃபலின் தொழுநோய் மருத்துவமனை அங்கே 1955 முதல் இயங்குகிறது. உணர்ச்சியற்ற பாதங்களுக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் செய்யும் செருப்பு எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. பாதம் எங்கே அதிகம் அழுந்துகிறதோ அங்கே சுமையைப் பரப்பிவிடும். மேல் வாரில் ஆணி கிடையாது. தொழுநோய்க்கான கூட்டுமருந்து சிகிச்சை 1980களில் வந்துவிட்டது. ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் நோய் குணமாகிறது, அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் செத்த நரம்பு திரும்புவதில்லை. நோய் போன பிறகும் செருப்பு ஆயுள் முழுக்க வேண்டும்.

குடியிருப்பில் எங்கள் திட்டம் கால் கழுவும் ஆராதனை. பெரிய வியாழனன்று ஆலயத்தில் செய்வதுபோல. தெருமுனையில் நின்ற ஒரு இளைஞன், "மதம் மாத்த வந்தீங்களாண்ணா?" என்று நேராகவே கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். தட்டில் சோற்றையும் கையில் துண்டுப்பிரசுரத்தையும் ஒன்றாகக் கொடுத்தவர்கள் உண்டு. அக்கா அவனிடம், "இல்லப்பா, கால் பார்க்க வந்தோம்" என்றார். அந்த ஒரு பதிலில் எங்கள் ஆராதனைத் திட்டம் முடிந்துபோனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

வீட்டுக்கு வீடு பேசின் ஏற்கெனவே இருந்தது. தினமும் இருபது நிமிடம் காலை ஊறவைத்து, சொரசொரப்பான கல்லால் காய்ப்பைத் தேய்த்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவி, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். அவர்கள் பல வருடமாகச் செய்துவருவது. நான் உட்கார்ந்த வீட்டின் ஆயா, முருகன் காலண்டருக்குக் கீழே காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: "என் கால நானே கழுவிக்குவேன் நைனா. அடியில இன்னா கீதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. எனக்குக் கண்ணு சரியா தெர்ல."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா வந்து, "புறங்கையால தொடு. சுத்தி இருக்கிற தோலைவிட எங்க சூடா இருக்குன்னு பாரு. சூடு இருந்தா உள்ள புண்ணு கிளம்புதுன்னு அர்த்தம்" என்றார். மறுபடி, மெதுவாக, குதியிலிருந்து விரல் வரை தொட்டுக்கொண்டே வந்தேன். பெருவிரலுக்குக் கீழே லேசான சூடு. ஆயாவுக்கு அந்த இடத்தில் நான் தொட்டதே தெரியவில்லை. இரண்டு நாள் அதிகம் நடக்காமல் இருக்கச் சொன்னார் அக்கா. ஆயா கேட்பாரா என்பது சந்தேகம்.

எங்கள் சபையில் நீளமாக ஜெபிப்பவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தத் திண்ணையில் ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை. ஆனால் இன்னொரு மனிதரை அவ்வளவு நேரம், வேறெதுவும் நினைக்காமல் கவனித்தது எனக்குப் புதிது. இப்போது வீட்டில் முழங்காலில் நிற்கும்போது பட்டியல் வாசிப்பது குறைந்துவிட்டது. ஒருவரை நினைத்துக்கொள்கிறேன், அவருக்கு எங்கே சூடாக இருக்கிறது என்று யோசிக்கிறேன். பெரும்பாலும் தெரிவதில்லை. அப்போது போன் செய்து கேட்கிறேன். இதை ஆவிக்குரிய வளர்ச்சி என்று சாட்சி நேரத்தில் சொல்ல எனக்குக் கூச்சம்.

கிளம்பும்போது ஆயா கேட்டது ஜெபத்தை அல்ல. ரேஷன் கடை மெஷினில் அவருடைய விரல் ரேகை விழுவதில்லை. தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? அவருக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்க அனுமதி பெறும் மனுவை எழுதித்தர ஆள் வேண்டும். எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை தரமணி ஆபீஸ் வாசலில் நான் விரலை வைத்ததும் கதவு திறந்துகொண்டது.

சபைக் கமிட்டிக்கு அறிக்கை தர வேண்டியிருந்தது. அதில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். மனுவைப் பற்றிச் சொன்னதும் மூப்பர் ஒருவர், "இதுக்கு எதுக்குத் தம்பி சபை? இ-சேவை மையம் போதுமே" என்றார். அவர் சொல்வதில் பாதி உண்மை. மையம் இருக்கிறது, அங்கே ஆயாவைக் கூட்டிப்போகத்தான் யாரும் இல்லை என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, கட்டத்தை நிரப்பச் சொன்னார். கோடு போட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் இரண்டு பேர் மட்டும் போகிறோம். மனு என்னவாயிற்று என்று கேட்க வேண்டும், காய்ப்பு தேய்க்கப் பழக வேண்டும். மனுவைப் பார்க்கும் அதிகாரி இருக்கும் நாள் வார நாள்தான், எங்களுக்குத் தோதான சனிக்கிழமை இல்லை. அதனால் ஒருவர் லீவு போட்டாக வேண்டும். யார் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.