அடைபட்டது வழியே

2022 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள் காலை. கிள்ளானில் தம் இல்லத்து மேசைமுன் அமர்ந்து கணினியைத் திறந்தார் ஓர் அம்மையார். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள ஓர் அலுவலகத்தின் கணக்கர் அவர். 2020 மார்ச் 18 இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த நாள்தொட்டு, அலுவலகத்தின் பொதுக் கோப்புகளை வீட்டிலிருந்தே கையாண்டு வந்தார். முதல்நாள் மாலைவரை திறந்த கதவு அன்று திறக்கவில்லை.

வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்திற்கும் இடையே, இணையத்தின் ஊடாக அமைக்கப்படும் மறைவான சுரங்கவழியே வி.பி.என். என்பது. அவ்வழி அடைபட்டால் கோப்புகள் கண்ணுக்குத் தெரியா. தொழிலாளரின் ஊழியர் சேமநிதித் தொகையோ 15 ஆம் நாளுக்குள் செலுத்தப்பட்டாக வேண்டும். இடையில் 14 ஆம் நாள் பொங்கல். உழைப்போரின் முதுமைக்கால ஊன்றுகோல் அல்லவா அத்தொகை?

மனித மனம் முதலில் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கடவுச்சொல்லைப் பிழையாக இட்டோமோ என்று அவர் மும்முறை முயன்றார். முந்திய டிசம்பரில் பெருகிய வெள்ளம் இணையக் கம்பியைக் கெடுத்திருக்குமோ என்றும் ஐயுற்றார். ஆனால், பிற இணையப் பக்கங்கள் தடையின்றித் திறந்தன. ஆகவே, கம்பியில் பழுதில்லை. ஷா ஆலாமில் இருந்த இளைய ஊழியரைத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, எனக்கும் திறக்கவில்லை" என்றார் அவர். அலுவலகத்திற்கே சென்றிருந்த மற்றொருவரோ அதே கோப்புகளை இயல்பாகத் திறந்தார். ஆகவே, கோப்புகளுக்கும் கேடில்லை. கெட்டது இடைப்பட்ட வழி ஒன்றே!

நோயின் முதலைத் தேடச் சொன்னார் வள்ளுவர். நேற்றுக்கும் இன்றுக்கும் இடையே மாறியது எது? விண்டோஸ் 10 இரவோடிரவாகத் தன்னைப் புதுப்பித்துக் கொண்டிருந்தது. புதுப்பிப்புப் பட்டியலில் 'கேபி5009543' என்ற எண் நின்றது. மைக்ரோசாப்ட் ஜனவரி 11 இல் வெளியிட்ட அப்புதுப்பிப்பால், விண்டோஸிலேயே அமைந்த 'எல்2டிபி' வகைச் சுரங்கவழி பல நாடுகளில் அடைபட்டது.

அதனை நீக்கினால் வழி திறக்கும். ஆயினும், அதனோடு வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் நீங்கிவிடும். ஊழியர் பலரின் சம்பள விவரமும் அடையாள அட்டை எண்களும் உள்ள கோப்புகளை, காவலைத் தளர்த்திய கணினியில் திறப்பது முறையா? அம்மையார் அதனை நீக்கவில்லை. மறுநாள் காலை கொமுட்டர் இரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, அலுவலகத்திற்கு நடந்தார். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தொகை உரிய நாளுக்குள் செலுத்தப்பட்டது. பொங்கலும் இனிதே பொங்கியது.

ஜனவரி 17 இல் திருத்தம் வெளிவந்தது, மறுநாள் தைப்பூசம். அத்திருத்தம் விண்டோஸ் 10 கணினிகளில் தானாக வந்து அமரவில்லை. தேடிப் பதிக்க வேண்டியிருந்தது. பதித்தபின் சுரங்கவழி பழையபடி திறந்தது.

வழி அடைபட்டதைப் பொருளே அழிந்ததாக எண்ணிப் பதறுவது நம் இயல்பு. அப்பதற்றத்தில் கண்டதையெல்லாம் மாற்றினால், ஒரு கோளாறு பலவாகப் பெருகும். மாறியது எது என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வதும், மாற்றுவழி ஒன்றை முன்னரே எண்ணி வைப்பதும் அறிவுடைமை. அந்த அம்மையாரின் மேசையில் இப்போது ஒரு குறிப்பேடு உண்டு. கணினி புதுப்பிக்கப்படும் நாளும் எண்ணும் அதில் பதிவாகின்றன. அதன் முதல் பக்கத்தில் இருப்பது கொமுட்டர் இரயிலின் நேர அட்டவணை.